ரூன் கிடைத்தது, வாளில் கோட்டை விட்டோம்

டயாப்லோ 2 என்ற கணினி விளையாட்டை ஆடுகிறவர்களில் ரூனை, அதாவது ஆயுதத்திலும் கவசத்திலும் பதிக்கும் மந்திரக் கல்லை, வீணாக்காதவர் குறைவு. பாதிப் பேர் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். நான் சொல்லிவிடுகிறேன். நான்கு சாக்கெட் (ரூன் பதிக்கும் குழி) உள்ள ஒரு மோனார்க் கேடயம் கிடைத்ததும், ஸ்பிரிட் என்ற ரூன்வேர்ட் செய்யலாம் என்று டால், துல், ஓர்ட், ஆம்ன் நான்கையும் சரியான வரிசையில் போட்டேன். பெயர் ஸ்பிரிட் என்று மாறவில்லை. கேடயத்தின் பெயர் நீல எழுத்தில் இருந்ததைக் கடைசி ரூனையும் போட்ட பிறகுதான் கவனித்தேன். விஷம், குளிர், மின்னலுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு, எதிரி அடித்தால் அவனுக்குச் சின்னதாக ஒரு காயம். நான்கு ரூனுக்கும் கிடைத்தது அது மட்டும்தான்.

2001-இல் வந்த லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன் விரிவாக்கத்தில் எல் தொடங்கி ஸாட் வரை 33 ரூன்கள் வந்தன. தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பலன். குறிப்பிட்ட வரிசையில், அதற்கேற்ற பொருளில் போட்டால் ரூன்வேர்ட் பிறக்கும், ஆட்டமே மாறிவிடும். தப்பாகப் போட்டால் எச்சரிக்கை எதுவும் வராது. 2021-இல் வந்த ரிசரெக்டெட் பதிப்பிலும் கதை அதேதான்.

நிறத்திலிருந்து தொடங்குவோம். ரூன்வேர்டுக்கு வேண்டியது மாயம் ஏறாத சாதாரணப் பொருள். சாக்கெட் இருந்தால் அதன் பெயர் சாம்பல் நிறத்தில் தெரியும். நீலம், மஞ்சள், பச்சை, தங்க நிறப் பெயர்கள் எதுவும் ஆகாது, எத்தனை சாக்கெட் இருந்தாலும் சரி.

அடுத்தது எண்ணிக்கை. நான்கு ரூன் வேண்டிய ரூன்வேர்டுக்குச் சரியாக நான்கு சாக்கெட். ஐந்து இருந்தால் ஒன்றைக் காலியாக விட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், நடக்காது. இங்கேதான் சாக்கெட் போட்டுத் தரும் ஐந்தாம் அங்கத்து கொல்லன் லார்சுக் பலரை ஏமாற்றுகிறார். ஏமாற்றுகிறார் என்பதும் நியாயமில்லை. கேட்டதைவிட அதிகமாகத் தருகிறார். ஒரு பொருளுக்கு அதன் நிலைக்கு ஏற்ப அதிகபட்சம் எத்தனை சாக்கெட் போட முடியுமோ அத்தனையும் போட்டுவிடுவார். நார்மல் என்ற எளிய கட்டத்தில், பசுக்கள் நிறைந்த ரகசியப் பசு லெவலில் கிடைத்த கிரிஸ்டல் வாளைக் கொடுத்தால் நான்கு வரும், வாளிலும் செய்யக்கூடிய ஸ்பிரிட்டுக்கு அளவெடுத்தது போல. அதே வாள் ஹெல் என்ற மிகக் கடினமான கட்டத்தில் கிடைத்ததென்றால் ஆறு வரும். ஃபேஸ் பிளேடு என்ற வாளைக் கொடுத்தாலும் ஆறுதான். கிரீஃப் ரூன்வேர்டுக்கோ ஐந்து வேண்டும்.

அந்த ஃபேஸ் பிளேடுக்கு இன்னொரு வழி, பொருள்களைச் சேர்த்து மாற்றித் தரும் ஹொராட்ரிக் கியூப். ரால், ஆம்ன், ஒரு பெர்ஃபெக்ட் அமெதிஸ்ட் ரத்தினம், கூடவே சாக்கெட் இல்லாத ஆயுதம். எத்தனை சாக்கெட் வரும் என்பது தாயம் உருட்டுவது போல. ஃபேஸ் பிளேடில் ஐந்து விழ ஆறில் ஒரு வாய்ப்பு. விழாவிட்டால் அந்த வாளை மறந்துவிடலாம், போட்ட சாக்கெட்டை எடுக்க வழியில்லை. அப்புறம், சுப்பீரியர் என்று பெயரில் இருந்தால் கியூப் ஏற்காது, லார்சுக் ஏற்பார்.

வரிசையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனிக்மா என்ற கவச ரூன்வேர்டுக்கு ஜா, இத், பெர். அவசரத்தில் பெர்ரை முதலில் போட்டால் 30-ஆம் ரூனான பெர்ரும் 31-ஆம் ரூனான ஜாவும் ஒரே கவசத்துக்குள் போய்ச் சேரும், எனிக்மா தரும் டெலிபோர்ட் (நினைத்த இடத்துக்குத் தாவும் மந்திரம்) மட்டும் வராது. ஹெல் என்றே பெயருள்ள ஒரு ரூனும் ஊர் திரும்பும் சுருளும் சேர்த்துக் கியூபில் போட்டால் சாக்கெட் காலியாகிவிடுமே என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். காலியாகும். உள்ளே இருந்த ரூன்கள் அழிந்துபோகும் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எதீரியல் ஆயுதத்துக்கு மயங்குவது கொஞ்சம் சிக்கலான தவறு, ஏனென்றால் பாதி நேரம் அது தவறே இல்லை. அடி ஐம்பது சதவீதம் கூடும், ஆனால் தேய்ந்தால் பழுது பார்க்க முடியாது. உங்கள் கையில் இருந்தால் ஒருநாள் உடையும். கூலிப்படை வீரன் கையில் இருந்தால் தேயவே தேயாது. அதனால் இரண்டாம் அங்கத்தில் அமர்த்தும் வீரனுக்கு இன்சைட் என்ற ரூன்வேர்ட் செய்ய எதீரியல் போலார்ம் (நீண்ட கம்புள்ள ஆயுதம்) கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ரால், டிர், டால், சோல் போடலாம். உங்களுக்கே வேண்டுமென்றால் அழியாமல் காக்கும் ஸாட் ரூன் உள்ளே வரும் ரூன்வேர்டாகப் பாருங்கள். ஃபேஸ் பிளேடு பிறவியிலேயே உடையாதது. அதில் ஸாட் போடுகிறவர்களை என்ன சொல்வது?

கிரீஃபுக்கு அடி அதிகமுள்ள பெரிய வாளாகத் தேடி அலைகிறவர்களும் உண்டு. கிரீஃப் தானாகவே 340 முதல் 400 வரை அடியைக் கூட்டுகிறது. அதன் முன்னால் வாளின் சொந்த அடி சுண்டைக்காய். அங்கே பார்க்க வேண்டியது வேகம். ஃபேஸ் பிளேடைத் தேடி எல்லோரும் ஓடுவது அதனால்தான்.

கடைசியாக என் மோனார்க்குக்கே வருகிறேன். பிறகு சாம்பல் நிறத்தில் ஒன்று கிடைத்தது, நான்கு சாக்கெட்டோடு. ரூன்களைப் போட்டேன், ஸ்பிரிட் என்று பெயரும் வந்தது. மோனார்க்கைத் தூக்க 156 பலம் வேண்டும். என் மந்திரக்காரியிடம் அதில் பாதிகூட இல்லை. பல நாள் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.