பின்னாடி ஸ்பீக்கர்ல சத்தம் கம்மியா? நான் சரி பண்ண விதம்

சேலம் அஸ்தம்பட்டில எங்க வீட்டு கம்ப்யூட்டருக்கு 5.1 செட், அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் பேஸ் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும், மாட்டியிருக்கேங்க, முன்னாடி ரெண்டும் நல்லா கேக்கும், பின்னாடி ரெண்டும் முணுமுணுன்னு தான். மொதல்ல கேபிள பாருங்க, பச்சை முன்னாடிக்கு, கறுப்பு பின்னாடிக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப்வூஃபருக்கும். எனக்கு அது சரியா இருந்துச்சு, விண்டோஸ்லயும் 5.1 தான் செலக்ட் ஆகியிருந்துச்சு, டெஸ்ட் அடிச்சா பின்னாடி வருது ஆனா சின்னதா. கடைசில பாத்தா சவுண்ட் ப்ராப்பர்ட்டீஸ்ல லெவல்ஸ், அதுக்குள்ள பேலன்ஸ்னு ஒரு பட்டன், அத அமுக்குனா ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி அளவு வருது, பின்னாடி ரெண்டும் ரொம்ப கீழ கெடந்துச்சு, ஏத்தி விட்டேன், அருமையா கேக்குது. இன்னொன்னுங்க, பாட்டெல்லாம் பெரும்பாலும் ஸ்டீரியோ, ரெண்டே சேனல், அதுக்கு பின்னாடியும் சத்தம் வேணும்னா ஸ்பீக்கர் ஃபில் டிக் பண்ணணும், எல்லா சவுண்ட் டிரைவர்லயும் (சவுண்ட் கார்ட ஓட்டுற சாஃப்ட்வேர்) அது இருக்காது.