பேசினால் களைத்துப்போகிறவர்களுக்குக் கூட்டம் நடத்துவது எப்படி

சிங்கப்பூரில் எங்கள் நோயாளிகள் ஆதரவுக் குழுவின் முதல் கூட்டத்துக்குத் தேக்கா சந்தையிலிருந்து முறுக்கும் புரோட்டாவும் வாங்கி வந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாருக்கும் மையஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோய், எனக்கும்தான். பாதிப் புரோட்டாவிலேயே தாடை ஓய்ந்துவிட்டது. அப்புறம் யாரால் பேச முடியும்? அன்றிலிருந்து இட்லியும் தயிர்சாதமும்தான்.

நரம்பின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடம்பின் எதிர்ப்பொருள்களே தாக்குவதுதான் இந்த நோய். உழைக்க உழைக்கத் தசை தளரும், ஓய்வெடுத்தால் கொஞ்சம் தேறும். பேசுவதும் உழைப்புதான். நீங்கள் குழு நடத்த வந்தால் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது.

காலை பத்து மணிக்குக் கூடுங்கள். சாயங்காலம்தான் வசதி என்பார்கள், கேட்காதீர்கள். பொழுது ஏற ஏறத் தளர்ச்சியும் ஏறும். இதற்கு நாங்கள் போடும் மெஸ்டினான் மாத்திரை சில மணி நேரம்தான் தாங்கும். அடுத்த மாத்திரையை நினைவூட்ட நடுவில் நாலைந்து கைபேசிகள் ஒன்றாக அலறும். அதையே இடைவேளையாக்கிவிட்டேன். இடம், குளிர்சாதனம் உள்ள சமூக மன்ற அறை. வீவக அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளம் காற்றோட்டமாக இருக்குமே என்பவரை ஏப்ரல் மாதத்தில் அங்கே ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். எங்களுக்கு வெப்பம் ஆகாது. எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து படி ஏறாமல் வர முடிகிறதா என்று நீங்களே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

யார் எப்போது பேசுவது என்பதில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன். வயதான ஐயா ஒருவர் மரியாதைக்காக எல்லாருக்கும் வழிவிட்டுக் கடைசியில்தான் வாய் திறப்பார். அதற்குள் குரல் மூக்கால் வரும், சொற்கள் குழறும். “அடுத்த தடவை சொல்றேன்மா” என்று கையசைத்துவிடுவார். மூன்று கூட்டங்கள் இப்படியே போயின. நான்காவதில் அவரை முதலில் பேச வைத்தேன். பேருந்தில் தன்னைக் குடிகாரன் என்று நினைத்து ஒரு பெண் இடம் மாறி உட்கார்ந்ததை, நிறுத்தாமல் பன்னிரண்டு நிமிடம் சொன்னார். இப்போது குரல் சீக்கிரம் ஓய்கிறவர்களுக்குத்தான் முதல் இடம். யாருக்காவது மூக்கால் வர ஆரம்பித்தால் நான் கையை உயர்த்துவேன், அவர் நிறுத்திவிடுவார். மிச்சத்தை எழுதிக் காட்ட மேசையில் நோட்டும் பேனாவும் இருக்கும்.

மாத்திரை அளவைப் பற்றி யாரும் யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது. இதில் நான் கொஞ்சம் கறார். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இந்த நோயைக் கிளறிவிடும். அதனால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சளிக்குக் காட்டினாலும் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடப் பழக்குங்கள். மூச்சுத் திணறினால் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆம்புலன்ஸுக்கு 995. எங்கள் குழுவில் மேலே ஒட்டி வைத்திருக்கும் ஒரே செய்தி அதுதான்.

பெயர்ப்பட்டியலையும் அறை முன்பதிவையும் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். போன மாதம் விடிந்ததும் என் இடது இமை திறக்க மறுத்தது. நான் போகவில்லை. ஒன்பதரைக்கு ஒரே ஒரு செய்தி வந்தது: “அக்கா, இட்லி எத்தனை சொல்லட்டும்?”