பழவேற்காட்டுல பருந்து பாக்கணுமா? முதல்ல வானத்தைப் பாக்கறதை நிறுத்துங்க

பழவேற்காடு போறேன்னு சொன்னாலே எல்லாரும் பூநாரை வந்துருச்சான்னுதான் கேக்கறாங்க. பூநாரை அழகுதான், இல்லன்னு சொல்லல, ஆனா நான் அந்த ஏரிக்குப் போறதே அதுங்க தலைக்கு மேல சுத்திட்டிருக்கற வேட்டைக்காரப் பருந்து, கழுகுங்களைப் பாக்கத்தான். நிறைய பேர் கேட்டதால எப்படிப் போறது எப்படிப் பாக்கறதுன்னு எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன்.

நவம்பர்ல இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் போங்க, அதுலயும் மழையெல்லாம் ஓஞ்ச டிசம்பர் கடைசி, ஜனவரி, பிப்ரவரிதான் பெஸ்ட், ஏன்னா வடக்கே இருந்து குளிருக்கு இறங்கி வர்ற பூனைப்பருந்து, மீன் பிடிச்சுத் திங்கற விராலடிப்பான் எல்லாம் அப்பதான் இங்க இருக்கும். நான் முதல் தடவை போனது மே மாசம், உச்சி வெயில்ல. பாத்தது நாலு காக்கா, ரெண்டு செம்பருந்து, கூடவே ஒரு தலைவலி.

சென்னை சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி ட்ரெயின் ஏறி பொன்னேரில இறங்குனா அங்க இருந்து பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கு. டூவீலர் இருந்தா ஏரிக்கு மேற்குக் கரைல இருக்கற அண்ணாமலைச்சேரிக்கும் போயிடுங்க, ஆனா அங்க காலைல சூரியன் நேரா கண்ணுல அடிக்கும், பறவை எல்லாம் கருப்பு நிழலாத்தான் தெரியும், அதனால சாயங்காலம் போனாத்தான் நல்லா இருக்கும். ஏரியோட பெரிய பங்கு ஆந்திரால இருக்கு, சூளூர்ப்பேட்டைல இருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு ஏரிக்கு நடுவுல கிழக்கு மேற்கா போகும், ரெண்டு பக்கமும் தண்ணி. அங்க வடக்குப் பக்கமா பாருங்க, குளிர்காலத்துல சூரியன் தெற்குல சாஞ்சு இருக்கறதால வெளிச்சம் முதுகுக்குப் பின்னாடி இருந்து விழும்.

இப்ப முக்கியமான விஷயம். புதுசா வர்றவங்க எல்லாரும் அண்ணாந்து வானத்தையே பாத்துட்டு கழுத்து வலின்னு உக்காந்துடுவாங்க. பாக்க வேண்டியது வானத்தை இல்லீங்க, தண்ணில மேயற கூட்டத்தை. போன ஜனவரில நான் கரைல உக்காந்து பிஸ்கட் பாக்கெட் பிரிச்சிட்டு இருக்கேன், எதிர்ல நெடுங்கால் உள்ளான், நாமக்கோழி, வாத்துன்னு எல்லாம் அதுபாட்டுக்கு மேஞ்சிட்டு இருக்கு. திடீர்னு நாமக்கோழி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே கருப்புத் திட்டாயிடுச்சு, உள்ளானெல்லாம் கத்திட்டே எழும்புது, அப்புறம் வாத்து எழும்புது, எழும்புன இடம் ஒரு அலை மாதிரி இடமிருந்து வலமா நகருது. அந்த அலைக்கு நடுவுல பைனாகுலரை வெச்சேன், கோரைக்கு ஒரு ஆள் உயரம் மேல ரெக்கையை லேசா V மாதிரி தூக்கிட்டு ஒரு சேற்றுப் பூனைப்பருந்து அவசரமே இல்லாம மிதந்து வருது. தலை மட்டும் வெளிறின க்ரீம் கலர், மத்ததெல்லாம் காபிக்கொட்டை கலர், அப்ப பொட்டை, இல்லன்னா இளசு. அது போன பின்னாடி வாத்தெல்லாம் ஒண்ணொண்ணா திரும்ப இறங்கிடுச்சு. பிஸ்கட் தண்ணில விழுந்தது வேற கதை.

அதனால கூட்டம் கலையுதான்னு பாருங்க, கலைஞ்சா எந்தப் பக்கம் இருந்து கலையுதுன்னு பாருங்க. மீன்காரங்க வலை கட்ட நட்டு வெச்சிருக்கற கழியையும் ஒண்ணொண்ணா பைனாகுலர்ல துழாவுங்க, விராலடிப்பான் அது மேல உக்காந்து மீனைப் பிச்சுத் தின்னுட்டு இருக்கும். வயிறு வெள்ளை, கண்ணு வழியா ஒரு கருப்புப் பட்டை. பறக்கும்போது ரெக்கை மடங்கி M மாதிரி தெரியும். மீன் பிடிக்கறப்ப காலை முன்னாடி நீட்டிட்டு தண்ணில பொத்துன்னு விழும், தூக்கிட்டுப் போறப்ப மீனோட தலை முன்னாடி வர்ற மாதிரி திருப்பிப் பிடிச்சுக்கும், காத்துல இழுக்காது பாருங்க. இதை ஒரு தடவை பாத்துட்டா பூநாரையை மறந்துடுவீங்க.

விடியக்காலைல போனா பூனைப்பருந்து, விராலடிப்பான் கிடைக்கும். பெரிய கழுகெல்லாம் சோம்பேறி, தரை சூடாகி வெப்பக்காத்து மேல கிளம்புனாத்தான் அதுவும் கிளம்பும், அதனால காலைல பாத்துட்டு டிபன் சாப்பிடப் போயிடாதீங்க, ஒன்பதரை பத்து மணிக்கு மேலயும் இருங்க. வெள்ளையும் சாம்பலுமா, வால் குட்டையா ஆப்பு மாதிரி இருந்தா அது வெண்வயிற்றுக் கடற்கழுகு. வயக்காட்டுப் பக்கம் ஒரே இடத்துல நின்னுட்டு ரெக்கை அடிச்சா கருந்தோள் பருந்து, கிட்டத்துல பாத்தா கண்ணு ரத்தச் சிவப்பா இருக்கும்.

நம்ம ஊர்ல பாத்தவுடனே கன்னத்துல போட்டுக்கற கருடன் இருக்கே, அதுதான் செம்பருந்து. பெருசு ஆனதுக்கு வெள்ளைத் தலை, செங்கல் உடம்பு, ஒரு குழப்பமும் இல்ல. குஞ்சுப் பருவத்துலதான் மொத்தமா பழுப்பு, பாத்தா பூனைப்பருந்து மாதிரியே ஏமாத்தும். நான் ஒரு தடவை அதை சேற்றுப் பூனைப்பருந்துன்னு போட்டோவோட போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். சந்தேகமா இருந்தா, பாத்த பறவைகளோட லிஸ்ட் போடற ஈபேர்ட் தளத்துல இனம் தெரியாத வேட்டைப்பறவைன்னே போடலாம், அதுக்கு ஆப்ஷன் இருக்கு. பொங்கல் லீவுல போறவங்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் அந்த லிஸ்ட்டையே சேத்துடலாம்.

பைனாகுலர் 8x42 போதும். 8ன்னா எட்டு மடங்கு, 42ன்னா முன்னாடி லென்ஸோட விட்டம் மில்லிமீட்டர்ல. 10 மடங்கு வாங்கணும்னு ஆசை வரும், ஆனா ஏரிக் காத்துல கை ஆடும், பறக்கறதைத் தேடிப் பிடிக்கறதும் கஷ்டம். செவப்பு சட்டை வேணாம், மங்கின கலர் போடுங்க, தொப்பி, தண்ணி எடுத்துக்கோங்க, நிழல்னு அங்க பெருசா ஒண்ணும் கிடையாது. சேறு மேல காஞ்ச மாதிரி இருக்கும், நம்பி இறங்காதீங்க, என் செருப்பு ஒண்ணு இன்னும் அங்கதான் இருக்கு.

யாராவது படகுல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா வேணாம்னுடுங்க. 2011 டிசம்பர் 25ல இங்க படகு கவுந்து 22 பேர் செத்துப் போனாங்க, அதுக்கப்புறம் சுற்றுலா சவாரிக்குத் தடை போட்டாங்க. அது ஒரு பக்கம் இருக்க, படகு போற சத்தத்துல பறவையும் எழும்பி ஓடிடும், கரைல இருந்தே எல்லாம் தெரியும்.

திரும்பறப்ப மீன் ஏலம் விடற இடத்துல கொஞ்சம் நில்லுங்க. கழிவு மீனுக்கு கரும்பருந்தும் செம்பருந்தும் தலைக்கு மேல பத்தடில இறங்கும், பைனாகுலரே வேணாம். பஸ் வர்ற வரைக்கும் வாலை மட்டும் பாருங்க, நடுவுல வெட்டு விழுந்திருந்தா கரும்பருந்து, விசிறி மாதிரி வட்டமா இருந்தா செம்பருந்து.