கம்பஸ் திறப்பதற்குள் ஒரு செய்தி: இதழியல் படிக்கப் போகும் திருமலைப் பிள்ளைகளுக்கு

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி பார்த்து, விண்ணப்பம் போட்டு, பல்கலைக்கழகம் திறக்கும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கவேண்டி வரும். அந்த இடைவெளியில் பலர் கம்பியூட்டர் வகுப்புக்கோ இங்கிலிஷ் வகுப்புக்கோ போகிறார்கள். போங்கள், நல்லதுதான். ஆனால் கொழும்புப் பக்கம் இதழியல் படிக்கப் போகிறீர்கள் என்றால், இரவு ரயில் ஏறுவதற்கு முன்னர் திருமலையில் ஒரு செய்தியையாவது முழுதாக எழுதிவிட்டுப் போங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. முதலாம் வருடத்தில் தெரியாத ஊரில், அரைகுறைச் சிங்களத்தில், முன்பின் தெரியாத ஆட்களிடம் கேள்வி கேட்கப் பழகவேண்டி வந்தது. சொந்த ஊரில் அந்தக் கூச்சத்தைப் போக்குவது எவ்வளவோ லேசு.

படி 1: கைநூலை ஒழுங்காகப் பாருங்கள்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாடநெறியின் பெயரோடு நின்றுவிடாமல் மொழிமூலத்தையும் பாருங்கள். களனியில் வெகுஜனத் தொடர்பாடலுக்குத் தனித்துறை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் இதழியல் படிக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைகள் உண்டு. நம் வாசலிலேயே, கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகள் இருப்பதையும் மறந்துவிடாதீர்கள். எங்கே போனாலும் சரி, சிங்களம் பேசப் பழகிக்கொள்ளுங்கள். கொழும்பில் செய்தி எடுக்க அது இல்லாமல் முடியாது.

படி 2: சின்ன விசயம் ஒன்றைப் பிடியுங்கள்

கோணேசர் கோவிலின் பெருமை வேண்டாம், அதை எழுதாத ஆள் இல்லை. பயிற்சிக்கு நான் சொல்வது மான். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத்துத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள் குப்பையைக் கிளறி, சாப்பாட்டு வாசத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தினமும் கண்ணில் படுவதால் அது நமக்குச் செய்தியாகவே தெரிவதில்லை.

ஒரு குப்பைமேட்டைத் தெரிவுசெய்து மூன்று நாள், ஒரே நேரத்துக்குப் போங்கள். எத்தனை மான் வந்தது, எதைத் தின்றது, குப்பை வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுங்கள். “நிறைய மான்” என்று எழுதவேண்டாம். ஏழு என்றால் ஏழு. எண்ண முடியவில்லை என்றால், எண்ண முடியவில்லை.

அப்புறம் பக்கத்துக் கடைக்காரரிடம் பேசுங்கள். “அண்ணே, பொலித்தீன் மானுக்குக் கூடாதுதானே?” என்று கேட்டால், “ஓம் தம்பி, பாவம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “அண்ணே, கடைசியா எப்ப குப்பை எடுத்தவை?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் கிழமையைச் சொல்வார், அதற்கு முந்தின கிழமையைச் சொல்வார், தான் யாரிடம் முறையிட்டார் என்பதையும் சொல்வார். உங்களுக்குத் தேவையானது அதுதான். தெருக் கூட்டும் அம்மாவை விட்டுவிடாதீர்கள். அந்தக் குப்பைக்குள் என்ன கிடக்கிறது என்பது அவவுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிறகு குப்பைக்குப் பொறுப்பான உள்ளூராட்சி மன்றத்திடமும் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் போங்கள்.

படி 3: பெயரை எழுதிக் காட்டுங்கள்

இதில் நான் சூடுபட்டவன். கிண்ணியாவில் ஒருவரிடம் பேசிவிட்டு வந்து, பெயருக்கு முன்னால் இருந்த மூன்று இனிஷியல்களில் இரண்டை இடம்மாற்றி எழுதிவிட்டேன். அந்த இனிஷியலோடு அதே தெருவில் இன்னொருவர் இருந்தார்! தான் சொல்லாத ஒன்றுக்கு அந்த மனிசன் ஒரு மாதம் விளக்கம் சொல்லித் திரிந்தார். அன்றிலிருந்து பெயர், வயது, ஊர் மூன்றையும் கொப்பியில் எழுதி, ஆளிடமே காட்டிச் சரிபார்த்த பிறகுதான் எழும்புவேன்.

படி 4: முதல் பந்தி

பலரும் இப்படித்தான் தொடங்குவார்கள்: “இயற்கை எழில் கொஞ்சும் திருகோணமலையில் வாயில்லா ஜீவன்கள் படும் அவலம் சொல்லில் அடங்காது.” இதில் யார், என்ன, எங்கே, எப்போது எதுவுமே இல்லை.

மூன்று நாள் நின்று பார்த்தவர் இப்படி எழுதலாம்: “பஸ் நிலையத்துக்கு அருகே மூன்று நாட்களாக அகற்றப்படாத குப்பையில் ஏழு மான்கள் பொலித்தீன் பைகளை உண்பதைக் காணமுடிந்தது.” அழகில்லைதான். ஆனால் யாரும் போய்ச் சரிபார்க்கலாம். ஏன், எப்படி என்பதெல்லாம் அடுத்த பந்திகளில் வரட்டும்.

நடை பிடிபட, ஒரே திருமலைச் செய்தியை வீரகேசரியிலும் தினகரனிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒன்று தனியார் பத்திரிகை, மற்றது அரசின் லேக் ஹவுஸிலிருந்து வருவது. எந்த விசயம் முதல் பந்தியில் வருகிறது, எது கடைசிக்குப் போகிறது என்று கோடிட்டுப் பாருங்கள்.

படி 5: சொன்னதையும் கண்டதையும் பிரித்து வையுங்கள்

கொப்பியின் இடப்பக்கம் நீங்கள் கண்டது, வலப்பக்கம் மற்றவர்கள் சொன்னது. இது ஏன் என்று நம் ஊருக்கு விளக்கத் தேவையில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. சுடர் ஒளிச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். இதழியல் படிக்கப் போகும் திருமலைப் பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

படி 6: தட்டச்சு

யுனிகோட் போதும் என்று நினைக்காதீர்கள். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை வேலையில், யுனிகோட்டுக்கு முந்தின பாமினி எழுத்துரு இன்னும் எதிர்ப்படும். பாமினி விசைப்பலகையில் தினமும் அரைமணி நேரம் பழகுங்கள்.

படி 7: ஒரு தகவல் கோரிக்கை

குப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று கேட்டால் “பிறகு வாங்கோ” என்ற பதில் வரலாம். கோபப்படாமல், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். இலங்கைப் பிரஜை யாரும் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு பொது அதிகாரசபையிலும் இதற்கென ஒரு தகவல் அலுவலர் இருப்பார். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

“குப்பை பற்றிய எல்லா விபரமும்” என்று கேட்காதீர்கள், கட்டுக்கட்டாகக் கடதாசி வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது. “இந்தத் தெருவில் கடந்த மூன்று மாதங்களில் குப்பை அகற்றப்பட்ட திகதிகள்” என்று கேளுங்கள். கடிதத்தில் ஒரு பிரதி எடுத்து, பற்றுச்சீட்டோடு பத்திரமாக வையுங்கள். விலாசத்துக்குக் கொழும்புப் போடிங்கை (வாடகைக்குத் தங்கும் இடத்தை) போடவேண்டாம். முதல் வருடத்திலேயே இரண்டு போடிங் மாறுவீர்கள். வீட்டு விலாசத்தைக் கொடுத்து, கடிதம் வந்தால் படம் எடுத்து அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.