‘ஆஃப்’ என்றால் அரைநாளா, லீவா? புதிதாகச் சிங்கப்பூர் வந்தவர்களுக்கு

நான் இங்கே வந்த முதல் மாதம். "டுமாரோ யூ ஆஃப் டே" என்றார் சூப்பர்வைசர். ஆஃப் பாயில், ஆஃப் டிரவுசர், ஆஃப் டே என்றே ஊரில் பழகிய காது. அரைநாள் வேலை போலிருக்கிறது என்று காலை ஆறரைக்கு சேஃப்டி பூட்ஸ் மாட்டிக்கொண்டு லாரிக்கு நின்றேன். லாரி வரவே இல்லை. முழுநாள் லீவு!

ஆகவே முதல் படி, காதைப் பழக்குங்கள். பாதிக்கான சொல் ‘ஹாஃப்’ (half). வாய் அகலத் திறக்கும், ஒலி நீளும். நாம் ஹ-வை விழுங்கிவிடுவதால்தான் குழப்பம். லீவுக்கான ‘ஆஃப்’ (off) என்ற சொல்லில் உதடு குவியும், கிட்டத்தட்ட ‘ஒஃப்’. சந்தேகமா? "ஃபுல் டே?" என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டால் லாரிக்கு நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது படி: இந்த ‘ஆஃப்’ என்ற சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். முன்னால் நிற்கும் வினையோடு சேர்த்து ஒரே சொல்லாகப் பாருங்கள். டேக் ஆஃப், கழற்று. டர்ன் ஆஃப், அணை. டிராப் ஆஃப், இறக்கிவிடு. கட் ஆஃப், துண்டி. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இன்னொன்றை விட்டு விலகுகிறது: தலையை விட்டு ஹெல்மெட், வண்டியை விட்டு ஆள். கடையில் ‘20% ஆஃப்’ என்றால் விலையை விட்டு 20% விலகுகிறது. 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சாமானுக்கு 80 கொடுத்தால் போதும்.

மொழிபெயர்ப்புச் செயலி இதற்கு உதவாது என்பது என் கட்சி. ஒற்றைச் சொல்லைப் போட்டால் ‘அணை’ என்று ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடும். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் வினையும் ஆஃபும் சேர்ந்த தொடராகவே தேடுங்கள், வாக்கியத்தோடு வரும். எழுதிவைக்க மளிகைக்கடைக் கடன்கணக்குக்குப் பேர்போன அந்த 555 நோட்டு. சட்டைப்பையில் அடங்கும்.

மூன்றாவது படிதான் என்னைக் கவிழ்த்தது. கட்டடப் பராமரிப்பு வேலை எனக்கு. இரவுக் காவலர் லாக் புக்கில் எழுதிவைத்திருந்தார்: "3.10 ஏஎம், ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப், லெவல் 6." ஆஃப் ஆகிவிட்டதே, அப்புறம் என்ன என்று அலாரம் பேனல் பக்கமே போகாமல், அதன் கீழே ‘ஓகே’ எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பத்து மணிக்கு ஆறாம் மாடி மறுபடி அலறியது. ஸ்மோக் டிடெக்டருக்குள் தூசி. "யூ கேன் ரீட் ஆர் நாட்?" என்று சூப்பர்வைசர் கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

‘வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் அடித்தது. நேர் எதிர்! இதற்கு நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது: கிளம்பு. "பிளேன் டுக் ஆஃப்", விமானம் கிளம்பியது. "ஐம் ஆஃப்", நான் கிளம்புறேன். "அலாரம் வென்ட் ஆஃப்", சத்தம் கிளம்பியது. இப்படிப் பிடித்துக்கொண்ட பிறகு நான் தவறவில்லை. யாராவது கைவைத்து நிறுத்தினால் அது ‘டர்ன்ட் ஆஃப்’.

இங்கே "ஆஃப் தி ஏர்கான்" என்று வினையே இல்லாமலும் பேசுவார்கள். நாமும் "ஏசியை ஆஃப் பண்ணு" என்கிறவர்கள்தானே, சட்டென்று ஒட்டிக்கொள்ளும். கோப்பிக்கடையில் சரி. மின்னஞ்சலில் ‘டர்ன் ஆஃப்’ என்று எழுதுங்கள்.

நான்காவது, பணம் சம்பந்தப்பட்டது. ஆஃப் டே வேறு, ரெஸ்ட் டே வேறு. வேலை நியமனச் சட்டப்படி வாரம் ஒருநாள் ஓய்வுநாள் தரவேண்டும். ஐந்துநாள் வேலை என்றால் மீதி இரண்டில் ஒன்றுதான் ஓய்வுநாள், மற்றது வெறும் ஆஃப். உடலுழைப்பு வேலையில், மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாதவரை, முதலாளி கேட்டு ஓய்வுநாளில் வழக்கமான நேரத்தில் பாதிக்குமேல் வேலை வாங்கினால் இரண்டுநாள் சம்பளம். வெறும் ஆஃபுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் ஒப்பந்தத்தில் எந்தக் கிழமை எது என்று இன்றே பாருங்கள்.

பின்சேர்க்கை: "அப்படியானால் ‘லைட்ஸ் வென்ட் ஆஃப்’ என்றால் விளக்கு கிளம்பியதா?" என்று ஒருவர் மடக்கிவிட்டார். இல்லை, விளக்கு அணைந்தது. சத்தம் போடுவதும் வெடிப்பதும் கிளம்பும். எரிவதும் ஓடுவதும் நிற்கும். என் ‘கிளம்பு’ வைத்தியம் விளக்கிடம் பலிக்காது.

இன்னொருவர் கேட்டது: ‘கால் ஆஃப்’, ‘புட் ஆஃப்’ இரண்டும் ஒன்றா? முதலாவது ரத்து, இரண்டாவது தள்ளிவைப்பு. மீட்டிங் ‘புட் ஆஃப்’ என்றால் தயாரித்ததைக் கிழித்துப் போடாதீர்கள்.

அப்புறம் கேட்டரிங் பொட்டலத்தை முகர்ந்துவிட்டு யாராவது "திஸ் ஒன் ஆஃப் ஆல்ரெடி" என்றால் சாப்பாட்டுக்கு லீவு இல்லை. ஊசிப்போயிற்று. தொடாதீர்கள்.