பழைய காமிக்ஸை விற்கப் போகிறீர்களா? முதலில் அந்த ரப்பரைக் கீழே வையுங்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் அண்ணன் ஒருவர் ஜூலை மாத ஞாயிறு ஒன்றில் காலையிலேயே போன் செய்தார். "தம்பி, நீ காமிக்ஸ் சேக்கிற ஆளுதானே, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்." போனேன். ஹாலில் நியூஸ்பேப்பர் விரித்து, அதன்மேல் ஒரு தகரப் பெட்டி. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸ் குவார்ட்டர்ஸில் அவர் அப்பா வைத்திருந்தது. மேலே அமெரிக்க, பிரிட்டிஷ் காமிக்ஸ் ஐம்பதுக்குக் குறையாது. ஆஸ்திரேலியாவுக்குப் போன ஆங்கிலோ இந்தியப் பக்கத்து வீட்டுக்காரர்கள் விட்டுப்போனவை. அடியில் முத்து, லயன், ராணி, இந்திரஜால் என்று நம்மூர் காமிக்ஸ்.

அண்ணன் கையில் அழிரப்பர். அட்டையில் யாரோ பென்சிலில் எழுதியிருந்த பெயரை அழித்துக்கொண்டிருந்தார். பெயர் போய்விட்டது. கூடவே ஹல்க்கின் தோளில் இருந்த பச்சையும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் போயிருந்தது.

"நீட்டா இருந்தா நல்ல ரேட் வரும்னு பாத்தேன்பா."

பழைய காமிக்ஸில் நான் பார்த்த நஷ்டங்களில் பாதிக்கு மேல் மழையாலோ பூச்சியாலோ வந்தவை அல்ல. நாற்பது வருஷம் பரணில் தாக்குப்பிடித்த புத்தகத்தை, விற்பதற்கு முந்தின வாரத்தில் உட்கார்ந்து 'சரி' செய்தார்களே, அதில் வந்தவை. சேகரிப்பவர்களுக்கு அழுக்கு ஒரு குறை. அழுக்கை எடுத்த தடம் அதைவிடப் பெரிய குறை. பென்சிலில் எழுதிய பெயரோடு வந்திருந்தால் வாங்குபவர் கொஞ்சம் முகம் சுளித்துவிட்டு எடுத்துக்கொண்டிருப்பார்.

விலை எதில் நிற்கிறது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த அமேசிங் ஃபேன்டசி 15, ஆகஸ்ட் 1962 இதழ். அன்றைய விலை 12 சென்ட். அமெரிக்காவில் சிஜிசி என்ற நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் இப்படிப்பட்ட புத்தகங்களுக்கு 0.5இலிருந்து 10 வரை மார்க் போட்டு, திறந்தால் தடம் தெரிந்துவிடும் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுக்கிறது. 9.6 வாங்கிய பிரதி ஒன்று 2021இல் 36 லட்சம் டாலருக்குப் போனது. அதே இதழின் கிழிந்த, அடிமட்ட மார்க் பிரதி அதில் நூறில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்கூட வராது. கதையும் படமும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க மூலை, முதுகு, ஸ்டேப்ளர் பின், தாளின் நிறம் இவற்றில் இருக்கிறது. தேய்ந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் நிறம் தீட்டினால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். 'சீர்செய்யப்பட்டது' என்று தனி நிற லேபிள் ஒட்டி அனுப்புவார்கள். அந்த லேபிளைப் பார்த்ததும் விலை சடசடவென்று இறங்கும்.

ஆகவே செல்லோடேப் வேண்டாம். ஒட்டிய டேப் சில வருஷத்தில் பழுப்பேறி, பசை மட்டும் தாளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. சுருங்கிய அட்டையின் மேல் அயர்ன் பாக்ஸை வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேசினால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. துருப்பிடித்த பின்னைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பின் அடிப்பதும் இந்த ரகம்தான்.

நம் ஆட்களுக்கே உரிய ஒன்று பைண்டிங். தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, அச்சாபீஸில் கொடுத்துக் காலிகோ துணி அட்டை போட்டு வைத்த பரம்பரை நாம். அதே பாசத்தில் காமிக்ஸையும் பத்துப் பத்தாகச் சேர்த்துத் தைத்தோம். தைக்கும்போது முதுகில் ஓட்டை விழும். பிறகு மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கால் அங்குலம் போகும். சில பைண்டர்கள் அட்டைகளையே எடுத்துத் தூரப் போட்டுவிடுவார்கள். அண்ணன் பெட்டியிலும் அப்படி ஒரு வால்யூம்: முத்து காமிக்ஸ் பன்னிரண்டு, சிவப்புக் காலிகோ, முதுகில் தங்க எழுத்தில் அவர் அப்பாவின் இனிஷியல். "பிரிச்சுத் தனித்தனியா வித்தா ஜாஸ்தி கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்காது. பிரித்தால் ஓரம் வெட்டிய, முதுகு கிழிந்த பன்னிரண்டு புத்தகம்தான் மிஞ்சும். வால்யூமாகவே விட்டால், வாசிக்க வாங்கும் ஒருவராவது வருவார்.

அடுத்த தவறு பக்கத்தை எண்ணாமல் விலை பேசுவது. இதில் நானே அடிபட்டவன். 1974, 75 மார்வெல் இதழ்களில் வாசகர் கடிதப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டாம்ப் அச்சிட்டிருப்பார்கள். வெட்டி ஒட்டிச் சேர்க்கச் சொல்லி அன்றைய பிள்ளைகளைத் தூண்டிவிட்ட விளையாட்டு அது. பிள்ளைகள் சொன்னபடி வெட்டினார்கள். வுல்வரின் முழுதாக அறிமுகமான ஹல்க் 181, நவம்பர் 1974 இதழிலும் ஸ்டாம்ப் உண்டு. வெட்டிய பிரதிக்கும் வெட்டாத பிரதிக்கும் நடுவே உள்ள விலைப் பள்ளம் மிகப் பெரிது. பெட்டியில் 181 இல்லை, ஆசைப்பட வேண்டாம். அதற்குப் பக்கத்து மாதம் ஒன்று இருந்தது, அண்ணன் ரப்பர் போட்ட அதே ஹல்க். தேய்த்த இடம் தவிர அட்டை பளபளவென்று இருந்தது. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. நான் ஜன்னல் பக்கம் போய் ஒவ்வொரு தாளாகத் திருப்பினேன். கடிதப் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு கட்டம், அதன் வழியே எதிர்வீட்டுத் துளசி மாடம் தெரிந்தது.

எண்ணும்போது நடுப்பக்கத் தாள் பின்னில் நிற்கிறதா, உதிர்ந்து வெறுமனே செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கூப்பன் வெட்டிய இடம், குறுக்கெழுத்தை நிரப்பிய பேனா மை, லெண்டிங் லைப்ரரி சீல் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாங்கியவர் தானாகக் கண்டுபிடித்தால் பணத்தோடு பெயரும் போகும். இந்த உலகம் சின்னது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் கெட்டால் ஒன்பது குழுவில் கெட்டது மாதிரி.

'பழசு' என்றாலே பணம் என்ற மயக்கம் தனிக்கதை. 1992 நவம்பரில் சூப்பர்மேன் செத்துப்போன 75ஆவது இதழைக் கறுப்புப் பையில் போட்டு விற்றார்கள். ஜனங்கள் பிரிக்காமல் கட்டுக்கட்டாக வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். 1991இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிக்கு மேல் போனது. எல்லோரும் பத்திரமாக வைத்த பொருள் எப்படி அரிதாகும்? இன்றும் அவை மலிவாகத்தான் கிடைக்கின்றன. சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 1938இன் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழுக்கு விலை வருவது, அன்று பத்து சென்ட்டுக்கு வாங்கியவர்கள் படித்துவிட்டுப் பழைய பேப்பருக்குப் போட்டதால்.

அந்த ஆக்‌ஷன் முதல் இதழ் என்று சொல்லி வருஷத்துக்கு ஓரிருவர் எனக்குப் படம் அனுப்புகிறார்கள். 1970களில், சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனமே அதைப் பெரிய சைஸில் மறுபதிப்பு செய்தது. மேலே ஒரு கெட்டி அட்டை, உள்ளே பத்து சென்ட் விலை உட்பட அசல் அட்டையின் அச்சு. மேலட்டையைக் கழற்றிவிட்டால் கத்துக்குட்டி ஏமாந்துவிடுவார். ஸ்கேல் எடுத்து அளந்தால் போதும்: உயரம் பதிமூன்று அங்குலத்தைத் தாண்டினால் அது மறுபதிப்பு. அசல் பத்தரை அங்குலம்தான். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 60களின் மார்வெல் அட்டையில் 12 சென்ட்டுக்குப் பதில் 9 பென்ஸ் என்று இருந்தால் 'லண்டன் மறுபதிப்பு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது அமெரிக்காவிலேயே, அதே ஓட்டத்தில், பிரிட்டனுக்கென்று விலை மாற்றி அச்சடித்தது. தூக்கி எறியக் கூடாது. 90களின் கடைசியில் இங்கே கோதம் காமிக்ஸ் ரூபாய் விலையில் போட்டவை மட்டும் நிஜமாகவே மறுபதிப்பு.

தமிழில் குழப்பம் பெயரில் தொடங்குகிறது. "மாயாவி காமிக்ஸ் விற்பனைக்கு" என்று ஒரு வரி போட்டால் எந்த மாயாவி? 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழிலேயே வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் வேலியன்ட் இதழில் பிறந்தவர். ராணி காமிக்ஸின் முகமூடி மாயாவியோ, இந்திரஜாலில் நாம் பார்த்த ஃபேன்டம். வாங்குகிற ஆட்களும் வேறு, விலையும் வேறு. லயன் காமிக்ஸின் ஸ்பைடரை 'ஸ்பைடர்மேன் தமிழ்' என்று விளம்பரம் செய்தவர்களும் இருக்கிறார்கள். கூர்க்காது வைத்த அந்த ஸ்பைடர் 1965இல் பிரிட்டனில் குற்றவாளியாக அறிமுகமானவர். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே பின்னாளில் இந்த ஸ்பைடரின் கதைகளை எழுதினார். இதைத் தெரிந்து விளம்பரத்தில் எழுதினால் சரியான ஆள் தேடி வருவார். இரும்புக்கை மாயாவி கதைகள் காமிக்ஸ் கிளாசிக்ஸ் வரிசையிலும் அதற்குப் பிறகும் மறுபதிப்பாகியிருக்கின்றன. முதல் பதிப்பா, மறுபதிப்பா என்று விலையையும் முதல் பக்கத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். "எங்கேயும் கிடைக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள், படிக்க ஆசைப்படுபவர் மறுபதிப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

விலை வைப்பதில் ஒரே ஒரு விதி எனக்கு: கேட்ட விலையைப் பார்க்காதே, விற்ற விலையைப் பார். ஈபேயில் ஒருவர் ஐம்பதாயிரம் என்று போட்டுவிட்டு மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கலாம். 'விற்றவை' என்று வடிகட்டிப் பார்த்தால்தான் ஊர் நிலவரம் தெரியும். அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைக்காரர் கிலோ கணக்கில் கேட்பார். அது அவர் தொழில், கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து பட்டியல் எழுதுங்கள். எல்லாவற்றையும் சிஜிசிக்கு அனுப்பத் துடிப்பதும் வேண்டாம். கட்டணம், போக வர கூரியர், இன்சூரன்ஸ், சுங்கம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் பெட்டியில் ஒன்றோ இரண்டோதான் அந்தச் செலவைத் தாங்கும்.

பெங்களூரு வெயில் சென்னை மாதிரி இல்லை என்று நாம் அசட்டையாக இருக்கிறோம். இங்கே எதிரி ஈரம். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய லாஃப்டில் வைத்தால் பூஞ்சைதான். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போட்டால் நாற்றம் வாங்குபவர் வீடு வரை போகும். சிக்பேட்டையில் புடவை மடித்து வைக்க விற்கும் சரசரக்கும் பிபி (பாலிபுரோப்பிலீன்) கவர் நல்லது. மெத்தென்று நெகிழ்கிற, பிளாஸ்டிக் வாடை அடிக்கிற பிவிசி கவர் நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும்.

அண்ணன் முதலில் விற்றது நாலு இதழ்தான். வாங்குவதாகச் சொன்ன ஒருவர், "பணம் அனுப்பறேன் சார், பின் நம்பர் போட்டு ஓகே குடுங்க" என்று யுபிஐயில் ஒரு கோரிக்கை அனுப்பினார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எதற்கு? நல்லவேளை, அண்ணி பக்கத்தில் இருந்து போனைப் பிடுங்கினார். இரண்டாவது ஆள் நிஜமானவர். புத்தகத்தின் இரு பக்கமும் அதைவிட அரை அங்குலம் பெரிய அட்டை வைத்து, டேப் புத்தகத்தில் படாமல் அட்டையில் மட்டும் ஒட்டி, மேலே இன்னொரு கவர் போட்டு அனுப்பினோம். ஹல்க்கும் அதில் ஒன்று. விளம்பரத்தில் 'ஸ்டாம்ப் வெட்டியது, அட்டையில் ரப்பர் தேய்த்த தடம்' என்று எழுதி, இரண்டுக்கும் தனித்தனிப் படம் போட்டிருந்தோம். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

மீதி புத்தகங்கள் பெட்டியில் இருக்கின்றன. ரப்பர் இப்போது அண்ணன் மகளின் ஜியோமெட்ரி பாக்ஸில்.