கடலுக்குப் போன நேரத்தில் காணாமல் போகும் பெயர்: வாக்காளர் பட்டியலில் நம் கரையோர மக்கள் செய்யும் தவறுகள்

என் சித்தி பாம்பனில் பிறந்தவர். கல்யாணமாகி ராமேஸ்வரம் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓட்டு மட்டும் பாம்பனிலேயே இருந்தது. எம்.எல்.ஏ. தேர்தல், எம்.பி. தேர்தல் என்றால் பஸ் ஏறி வருவார், ஓட்டுப் போடுவார், அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். இரண்டு ஊரும் ஒரே ராமநாதபுரம் சட்டமன்றத் தொகுதி என்பதால் யாருக்கும் இது தவறாகவே தெரியவில்லை. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது பாம்பன் ஊராட்சிக்காக நான்கு சீட்டில் முத்திரை குத்தினார். 2022 பிப்ரவரி 19 அன்று நகராட்சித் தேர்தல். அவர் குடியிருக்கும் தெருவே ராமேஸ்வரத்தில் ஓட்டுப் போடக் கிளம்பியது. சித்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவர் போய்க் கேட்க வேண்டிய கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பங்கில்லை.

இது நம் கரையில் வீட்டுக்கு வீடு நடக்கும் தவறு. உள்ளாட்சிக்குத் தனியாகப் பெயர் பதிவு கிடையாது. சட்டமன்றத் தொகுதிக்கான வாக்காளர் பட்டியலைத்தான் மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறது. அதனால் சட்டமன்றத் தேர்தலுக்குப் பெரிதாகத் தெரியாத முகவரித் தவறு, வார்டு மெம்பர் தேர்தலில் நம்மை வெளியே நிறுத்திவிடும். இரண்டு தெரு தள்ளி வீடு மாறியிருந்தால்கூட வார்டு மாறலாம்.

மாற்றுவதற்குப் படிவம் 8. இங்கேதான் அடுத்த தவறு நடக்கிறது. வீடு மாறியவர்கள் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அது இதுவரை எங்குமே பெயர் இல்லாதவர்களுக்கானது. அதைக் கொடுத்தால் பழைய ஊரில் ஒரு பெயர், புதிய ஊரில் ஒரு பெயர் என்று இரண்டாகிவிடும். சட்டம் ஒருவருக்கு ஒரே இடம்தான் தருகிறது. தெரிந்தே பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை என எல்லாவற்றுக்கும் படிவம் 8 போதும். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்கள் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும். செய்பவர்கள் மிகக் குறைவு.

"எங்களுக்குப் பட்டா இல்லையே, எப்படிப் பதிவது?" என்று கடலோரக் குடிசைகளில் கேட்கிறார்கள். பட்டாவுக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லை. சட்டம் கேட்பது ஒன்றுதான்: வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்கள்? சொந்த வீடு இருக்கிறது என்பதை மட்டும் காட்டி ஓர் ஊரில் ஓட்டுரிமை கேட்க முடியாது. வீடு சொந்தமில்லை என்பதற்காக மறுக்கவும் முடியாது. மின் கட்டண ரசீது, பாஸ்புக், ஆதார் என்று ஒன்றைக் காட்டலாம்.

இப்போது எனக்கு மிகவும் வலிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., கதவைத் தட்டும் நேரத்தில் ஆண்கள் கடலில் இருப்பார்கள். பெண்கள் பாசி எடுக்கவோ மீன் விற்கவோ போயிருப்பார்கள். சிலர் சீசனுக்குக் கேரளா போயிருப்பார்கள். வீடு பூட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டில் கேட்டால், "அவங்க இங்க இல்லியே" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். சொல்பவர் நினைப்பது இன்றைக்கு இல்லை என்று. கேட்பவர் எழுதிக்கொள்வது இடம் மாறிவிட்டார் என்று. பெயர் போய்விடும்.

தற்காலிகமாக வெளியூர் போனதை வைத்து ஒருவர் அந்த ஊரில் குடியிருக்கவில்லை என்று சொல்லக் கூடாது என 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது. கடலுக்குப் போனவரும் சீசன் வேலைக்குப் போனவரும் ஊரைவிட்டுப் போனவர்கள் இல்லை. ஆனால் இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "யாராவது கேட்டால் கடலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லுங்கள்." சின்ன விஷயம்தான், ஆனால் இதனால் தப்பித்த பெயர்கள் எனக்குத் தெரியும்.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) தொடங்கியது. டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவர்களில் இறந்தவர்களும் உண்டு, நிஜமாகவே இடம் மாறியவர்களும் உண்டு. உங்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். கையில் ஓட்டர் ஐடி இருப்பது போதாது. அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால், ஆணையம் ஏற்கும் வேறு அடையாளச் சான்றைக் காட்டி ஓட்டுப் போடலாம். பூத் சிலிப் அடையாளச் சான்று ஆகாது.

பார்ப்பதற்கு நல்ல காலம் எது என்று கேட்டால் தடைக்காலம் என்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்களும் ஓரளவு வீட்டில் இருப்பார்கள். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தோ, ஆணையத்தின் செயலியிலோ பெயர், பாகம் எண், வரிசை எண் மூன்றையும் சரிபார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் பெயர் சேர்க்க வழியில்லை.

பெயரை நீக்கி உத்தரவு போட்டிருந்தால் அதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் சரிவராவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

பிள்ளைகள் விஷயத்தில், ஜனவரி 1 வந்தால்தான் பதிய முடியும் என்ற பழைய கணக்கு இன்னும் ஓடுகிறது. 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள், அதாவது 18 வயது நிறைந்ததா என்று கணக்குப் பார்க்கும் நாட்கள். 17 முடிந்தவுடனே விண்ணப்பித்து வைக்கலாம்.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயர் நீக்கப்பட்டால் குடும்பங்கள் அப்படியே விட்டுவிடுகின்றன. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குப் படிவம் 6ஏ இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பதியலாம். ஓட்டுப் போட மட்டும் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும்.

அப்புறம், ஊராட்சித் தலைவர் பதவிக்கு ஏலம். கோயிலுக்குப் பணம் கொடுப்பவர் தலைவர், மற்றவர்கள் மனுப் போட வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுப்பது எந்த ஊரில் நடந்தாலும் சட்ட விரோதம். பணம் நல்ல காரியத்துக்குத்தானே என்று பெரியவர்கள் சொல்வார்கள். தேர்தல் நின்றுபோனால் அந்தத் தலைவரிடம் ஐந்து வருடம் கணக்குக் கேட்க யாருக்கும் வாய் வராது. பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள் என்று அரசியலமைப்பே சொல்கிறது. கேள்வி கேட்கும் அந்த உரிமையையும் சேர்த்துத்தான் ஏலத்தில் விற்கிறோம்.

ஓட்டுப் போடும் அன்று இரண்டு விஷயம். 2019-இல் ஊராட்சிகளில் இயந்திரம் இல்லை, வாக்குச்சீட்டுதான். வார்டு மெம்பர், தலைவர், யூனியன் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு சீட்டு நான்கு நிறத்தில். ஒரு சீட்டில் ஒரே சின்னத்தில்தான் முத்திரை குத்த வேண்டும். இரண்டு சின்னத்தின் நடுக்கோட்டில் விழுந்தாலோ, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தாலோ அந்தச் சீட்டு செல்லாமல் போகும். அவசரமில்லாமல் குத்தி, மை பக்கத்துச் சின்னத்தில் ஒட்டாதபடி மடியுங்கள்.

இன்னொன்று, உங்கள் ஓட்டை வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்று பூத்தில் சொன்னால் திரும்பி வராதீர்கள். அடையாளத்தைக் காட்டி 'ஆய்வுக்குரிய வாக்கு' வேண்டும் என்று கேளுங்கள். சிலர் இதை டெண்டர் ஓட்டு என்பார்கள். தலைமை அலுவலர் உங்களிடம் கேள்வி கேட்டு உறுதி செய்துகொண்டு தனிச் சீட்டு தருவார், அதைத் தனி உறையில் வைத்து உங்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொள்வார்.